முதல் எம்பிராய்டரி மெஷின்: எதற்குக் காசு போடலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வி சுருக்கமாக இது: "வீட்டில் சாதாரணத் தையல் மெஷின் இருக்கிறது, நன்றாகவே தைப்பேன். குழந்தைகள் உடுப்பு, துண்டு, துணிப்பை இதிலெல்லாம் பெயரும் சின்னச் சின்ன டிசைனும் போட ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்க ஆசை. கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது. தையலும் எம்பிராய்டரியும் சேர்ந்த 4×4 மெஷினைப் புதிதாக வாங்கலாமா, எம்பிராய்டரி மட்டும் செய்யும் 5×7 வாங்கலாமா, இல்லை பெரிய மெஷின் ஒன்றைப் பழசாகப் பிடிக்கலாமா? பின்னால் இதை வைத்துக் கொஞ்சம் சம்பாதிக்க முடியுமா?"

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் எம்பிராய்டரி மட்டும் செய்யும் 5×7ஐத்தான் எடுப்பேன். (இந்த எண்கள் மெஷின் தைக்கக்கூடிய இடத்தின் அளவு, அங்குலத்தில்.) எம்பிராய்டரி மெஷினில் மற்ற குறை எதுவானாலும் வாங்கிய பிறகு சரிக்கட்டிக்கொள்ளலாம். டிசைன் குறைவா, வெளியிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். எழுத்து வடிவம் பிடிக்கவில்லையா, கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாம். வேகம் போதவில்லையா, காத்திருக்கலாம். அது தைக்கும் இடத்தின் அளவை மட்டும் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்ட முடியாது. ஹூப், அதாவது துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம், போதவில்லை என்று தெரியவரும் நாளில் மெஷினையே மாற்ற வேண்டியதுதான்.

வீட்டு மெஷின்களில் சின்ன அளவு 4×4 அங்குலம், அதாவது 100×100 மி.மீ. அடுத்தது 5×7, மில்லிமீட்டரில் 130×180. அதற்கு மேலே 6×10, 8×8, 8×11 என்று போகும். ஒவ்வொரு படி ஏறும்போதும் விலையும் ஏறும். 4×4இல் இருந்து 5×7க்குப் போகும்போது கிடைக்கும் லாபம்தான் இருப்பதிலேயே பெரிது. 100×100 என்றால் 10,000 சதுர மி.மீ. 130×180 என்றால் 23,400. இரண்டு மடங்குக்கும் மேல்.

அந்த 100 மி.மீ. கணக்கில் ஒரு குசும்பும் உண்டு. என் முதல் மெஷின் 4×4. வாங்கிய வாரமே ஒரு பூச்சரம் டிசைனைக் காசு கொடுத்து வாங்கி, யூஎஸ்பியில் ஏற்றி, ஆசையாகச் செருகினேன். திரையில் டிசைன் வரவே இல்லை. யூஎஸ்பி கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று இன்னொன்று வாங்கினேன். அதிலும் வரவில்லை. மெஷினை மூட்டை கட்டித் திருப்பிக் கொடுக்கிற யோசனைவரை போய்விட்டேன். கடைசியில் கம்ப்யூட்டரில் திறந்து அளவைப் பார்த்தால் அகலம் 101.6 மி.மீ. டிசைன் செய்தவர் சுத்தமாக 4 அங்குலம் வைத்திருக்கிறார். மெஷின் 100க்கு மேல் ஏற்காது. அந்த 1.6 மி.மீ.க்காக இரண்டு நாள் தூக்கம் போனது. 5×7இல் இந்தத் தலைவலி இல்லை. 5 அங்குலம் 127 மி.மீ., 7 அங்குலம் 177.8 மி.மீ., ஹூப் 130×180. உள்ளே அடங்கிவிடும்.

4×4இல் என்ன முடியும்? சட்டைப் பைக்கு மேலே ஒரு சின்னம், கைக்குட்டை மூலையில் ஒரு பூ, கைக்குழந்தை உடுப்பு, ஒட்டுப்போடும் பேட்ச், இவை எல்லாம் தாராளமாக வரும். நீங்கள் பெயர் போட வேண்டும் என்கிறீர்கள், இடிப்பது அங்கேதான். தமிழ் எழுத்து அகலமானது. "ஞானசௌந்தரி" என்று ஒரு பெயரை 100 மி.மீ.க்குள் அடக்கிப் பாருங்கள். துணையெழுத்தையும் கொம்பையும் சேர்த்தால் ஒவ்வொரு எழுத்தும் எறும்பு அளவுக்கு வந்துவிடும். அப்புறம் இன்னொரு சங்கதி: மெஷினோடு வரும் எழுத்து வடிவங்களை நம்பித் தமிழ்ப் பெயர் போடலாம் என்று நினைக்காதீர்கள். நான் கையாண்ட மெஷின் எதிலும் தமிழ் எழுத்து இல்லை. கம்ப்யூட்டரில் தயார் செய்துதான் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றும்போது ண, ஞ மாதிரி சுழி உள்ள எழுத்துகள்தான் சோதிக்கும். எழுத்து உயரம் 8 மி.மீ. ஆகும்போது ண-வின் சுழிகளுக்குள் இருக்கும் ஓட்டை ஒரு நூல் அகலம்கூட இருக்காது. தைத்து முடித்தால் மூன்று உருண்டையாக அடைத்துக்கொண்டு நிற்கும். நான் 12 மி.மீ.க்குக் கீழே தமிழ் எழுத்து தைப்பதில்லை. ஆங்கில எழுத்தை 6 மி.மீ. வரை இறக்கலாம்.

ஹூப் விஷயத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. 5×7 மெஷினோடு 5×12 ஹூப் தருகிறோம் என்று போட்டிருப்பார்கள். அது பொய் கிடையாது, ஆனால் ஹூப்பை நகர்த்தும் மெஷினின் கை போகும் தூரம் அதே 130×180தான். அந்த நீள ஹூப்பில் இரண்டு மூன்று இடத்தில் கொக்கி இருக்கும். ஒரு பகுதியைத் தைத்து, கழற்றி, அடுத்த கொக்கியில் மாட்டி, அடுத்த பகுதியைத் தைக்க வேண்டும். டிசைனையும் அதற்கேற்ப வெட்டிப் பிரித்திருக்க வேண்டும். வரிசையாகப் பூ போடுவதற்கு உதவும். ஒரே பெரிய படம் தைக்க உதவாது. அதனால் வாங்கும்போது ஹூப் எவ்வளவு பெரிது என்று கேட்காதீர்கள். ஒரே மூச்சில் தைக்கும் இடம் எவ்வளவு மில்லிமீட்டர் என்று கேளுங்கள்.

தையலும் எம்பிராய்டரியும் சேர்ந்த மெஷின் யாருக்கு? வீட்டில் தையல் மெஷினே இல்லாதவருக்கும், மேசையில் ஒரு மெஷினுக்குத்தான் இடம் என்பவருக்கும். உங்களிடம் ஓடுகிற மெஷின் ஒன்று இருக்கிறது. இன்னொரு தையல் வசதிக்கு எதற்குக் காசு? அதோடு, எம்பிராய்டரி ஓடும் அரைமணி நேரம் அந்த மெஷினில் வேறு எதுவும் செய்ய முடியாது. தனி மெஷின் என்றால் இந்தப் பக்கம் பூ ஓடிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் நீங்கள் பையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு இது பெரிய வசதியாகத்தான் தெரிகிறது.

மாடல் பெயர் சொல்லுங்கள் என்று அடுத்துக் கேட்பீர்கள். பிரதர் நிறுவனத்தின் பிஇ 535 எம்பிராய்டரி மட்டும் செய்யும் 4×4. எஸ்இ 600, எஸ்இ 700 இரண்டும் தையலும் சேர்ந்த 4×4. பிஇ 800, அதற்குப் பின் வந்த பிஇ 900 இரண்டும் எம்பிராய்டரி மட்டும் செய்யும் 5×7. ஜனோம் பக்கம் மெமரி கிராஃப்ட் 400இ 200×200 மி.மீ., 500இ 200×280 மி.மீ.; இவையும் எம்பிராய்டரிக்கு மட்டும். ஒரே வகை மெஷின் நாட்டுக்கு நாடு வேறு பெயரில் வரும், பழைய மாடல் நின்று புதியது வரும். அதனால் எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, தைக்கும் இடம், யூஎஸ்பி, பக்கத்தில் பழுது பார்க்க ஆள், இந்த மூன்றையும் பார்த்துத் தேடுங்கள். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஊசி உடைந்து, ஊசியும் உள்ளே நூலைப் பிடிக்கும் கொக்கியும் சந்திக்கும் நேரம் தவறிப்போனால், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் எட்டும் தூரத்தில் இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மலிவு இல்லை.

வேகத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். பிஇ 535 நிமிடத்துக்கு 400 தையல், பிஇ 800 நிமிடத்துக்கு 650, ஜனோம் 500இ 860. ஒரு நடுத்தர டிசைனில் 12,000 தையல் இருக்கிறது என்று வையுங்கள். 400 வேகத்தில் 30 நிமிடம், 650இல் பதினெட்டரை, 860இல் 14. தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம்தான். இப்போது அந்த டிசைனில் ஆறு நிறம் என்று வையுங்கள். இவை எல்லாம் ஒற்றை ஊசி மெஷின். ஒவ்வொரு நிறத்துக்கும் மெஷின் நிற்கும், நீங்கள் எழுந்து போய்ப் பழைய நூலை எடுத்து, புதியதைக் கோத்து, பொத்தானை அழுத்த வேண்டும். அடுக்களையில் இருந்து ஓடிவரும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு நிமிடம் போகும். அது எல்லா மெஷினுக்கும் ஒன்றே. போதாக்குறைக்கு, உலோகப் பளபளப்பு உள்ள நூல், நீட்சி உள்ள துணி என்று வந்தால் நீங்களே வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவீர்கள். வீட்டுக்கு வேகம் ஒரு காரணமே இல்லை என்பேன்.

ஒற்றை ஊசி என்பதால் ஊசியில் தானாக நூல் கோக்கும் வசதி உண்மையிலேயே உபகாரம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கோக்க வேண்டிவரும். நூலைத் தானாக வெட்டும் வசதியும் நல்லதுதான், ஆனால் இதில் இரண்டு வகை இருக்கிறது. சில மெஷின்கள் நிறம் முடியும்போது மட்டும் வெட்டும். சில மெஷின்கள் ஒரே நிறத்தில் ஓர் இதழில் இருந்து அடுத்த இதழுக்குத் தாவும்போது விழும் நூலையும் வெட்டும். பெயர் நிறையப் போடுகிறவருக்கு இரண்டாவது வகை கையொடியாமல் காக்கும். எழுத்துக்கு எழுத்து தாவல் இருக்கும் அல்லவா. வைஃபை இருந்தால் சரி, இல்லாவிட்டால் யூஎஸ்பி போதும். மெஷினுக்குள்ளேயே 138 டிசைன், 193 டிசைன் என்று எண்ணிக்கை சொல்வதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். முதல் மாதம் அவற்றில் பத்தைத் தைத்துப் பார்ப்பீர்கள், அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள்.

இனி, பலர் தவறாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒன்று. ஒரு போட்டோவை யூஎஸ்பியில் போட்டுச் செருகினால் மெஷின் தைத்துவிடாது. மெஷினுக்குப் படம் தெரியாது. அது படிக்கும் கோப்பில் இருப்பதெல்லாம் "இங்கிருந்து இவ்வளவு வலப்பக்கம், இவ்வளவு மேலே போய்க் குத்து" என்ற வரிசைதான். ஜப்பானின் தஜிமா நிறுவனத்துத் தொழிற்சாலை மெஷின்களில் இருந்து வந்த டிஎஸ்டி கோப்பை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு நகர்வும் 0.1 மி.மீ. அலகில் பதிவாகியிருக்கும், ஒரே தாவலில் 12.1 மி.மீ.க்கு மேல் போக முடியாது. அந்தக் கோப்பில் "இங்கே நிறத்தை மாற்று" என்ற குறிப்பு இருக்கும், எந்த நிறம் என்பது இருக்காது. அதனால்தான் டிஎஸ்டி டிசைனைத் திறந்தால் சில சமயம் பச்சை ரோஜாவும் நீல இலையும் தெரியும். பயப்பட வேண்டாம், எந்த நூலைக் கோக்கிறீர்களோ அந்த நிறம்தான் விழும். பிரதர் மெஷினுக்கு பிஇஎஸ், ஜனோமுக்கு ஜெஇஎஃப், ஹஸ்க்வர்னா வைக்கிங்குக்கு விபி3 என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சொந்த வகை இருக்கிறது. டிசைன் விற்பவர்கள் பெரும்பாலும் எல்லா வகையையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

கோப்பில் இருப்பது குத்து வரிசை மட்டும் என்பதால்தான் டிசைனை இஷ்டத்துக்குப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் முடியாது. வரிக்கு வரி 0.4 மி.மீ. இடைவெளியில் நிரப்பிய ஒரு பூவை, தையல் எண்ணிக்கை மாறாமல் 20 சதவீதம் பெரிதாக்கினால் இடைவெளி 0.48 ஆகிவிடும், இடையில் துணி பல்லைக் காட்டும். 20 சதவீதம் சுருக்கினால் 0.32, நூல் மேல் நூல் ஏறி அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும், ஊசி உடையும். நான் மெஷினில் வைத்தே மாற்றுவது 10 சதவீதம் வரைதான். அதற்கு மேல் என்றால் தையலைப் புதிதாகக் கணக்கிடும் மென்பொருள் வேண்டும்.

மென்பொருள் என்றதும், மெஷினோடு சேர்த்து அதையும் வாங்கச் சொல்வார்கள். முதல் ஆறு மாதம் வேண்டாம். இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளுக்குள் இன்க்ஸ்டிட்ச் என்ற நீட்டிப்பைச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பிஇஎஸ், ஜெஇஎஃப், டிஎஸ்டி எல்லாம் எழுதித் தரும். பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஒளித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்குப் பிடித்த தமிழ் எழுத்து வடிவத்தைக் கோடாக மாற்றித் தையலாக்க அது போதும். வில்காம் போன்ற காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் இதைவிட வசதியானவைதான். அது வேண்டுமா என்பது உங்களுக்கே தெரிகிற காலம் வரும்.

இப்போது உண்மையான செலவுக்கு வருவோம். யானை வாங்கியவன் அங்குசம் வாங்கக் காசில்லாமல் நின்ற கதை இந்தத் தொழிலில் தினமும் நடக்கிறது. உங்கள் கையில் இருக்கும் மொத்தத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மெஷினுக்குக் கொடுக்காதீர்கள். மீதி நூல், ஸ்டெபிலைசர், ஊசி, பாபின் (கீழ்நூல் சுற்றும் சின்ன உருளை), இன்னொரு ஹூப் என்று போகும்.

நூல் 40 கனம் என்று போட்டிருக்கும் பாலியஸ்டர் எம்பிராய்டரி நூல். எண் கூடினால் நூல் மெலியும். 60 கனம் சின்ன எழுத்துக்கு. ரேயான் நூலுக்குப் பளபளப்பு அழகு, ஆனால் குழந்தைகள் உடுப்பு, துண்டு என்று அடிக்கடி துவைப்பதற்குப் பாலியஸ்டர்தான் நிற்கும். முதலிலேயே அறுபது நிறப் பெட்டி வாங்காதீர்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, இரண்டு பச்சை, மஞ்சள், நீலம், பழுப்பு என்று ஒரு பத்துப் பன்னிரண்டு நல்ல நூல் போதும். மலிவான பெட்டி நூல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து, மெஷின்தான் சரியில்லை என்று உங்களை நம்பவைக்கும். கீழே பாபினில் போடுவது தனி நூல், மேல்நூலைவிட மெல்லியது. எந்தக் கனம் என்று கையேட்டில் இருக்கும். சாதாரணத் தையல் நூலைப் பாபினில் சுற்றி ஓட்டினால் அடிப்பக்கம் கனத்துப்போகும், நூலின் இழுவை மாறி மேலே புள்ளி புள்ளியாகக் கீழ்நூல் தலைகாட்டும். ஊசி 75/11 எம்பிராய்டரி ஊசி, பின்னல் துணிக்கு முனை உருண்டது. எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஊசி உடைந்தால்தான் மாற்றுவேன் என்கிறவர்கள் துணியை வீணாக்கிவிட்டு வருவார்கள்.

ஸ்டெபிலைசர் என்பது துணிக்கு அடியில் வைக்கும் தாள். கேன்வாஸ் என்று சொல்கிறவர்களும் உண்டு. மூன்று வகை தெரிந்தால் போதும். தைத்த பின் கிழித்து எடுப்பது, கத்தரியால் சுற்றி வெட்டிவிட்டு அடியிலேயே விட்டுவிடுவது, தண்ணீரில் கரைவது. நெய்த பருத்தித் துணிக்குக் கிழிக்கும் வகை. இழுத்தால் நீளும் துணி எதுவானாலும் வெட்டும் வகை. துண்டுக்கு அடியில் ஒன்றும், மேலே கரையும் படலம் ஒன்றும். மேலே போடாவிட்டால் தையலுக்கு இடையே துண்டின் பூ இழைகள் முளைத்து, போட்ட பெயர் புல்லுக்குள் தொலைந்த மாதிரி ஆகிவிடும். ஸ்டெபிலைசருக்குப் பதில் செய்தித்தாளை மடித்து வைக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பாபின் அறையைத் திறந்தால் உள்ளே காகிதத் தூள் மாவு மாதிரி படிந்திருக்கும்.

டீ-ஷர்ட்டில் டிசைன் சுருங்கிப்போகிறது என்ற புகாரில் பாதிக்குமேல் மெஷின் குற்றவாளியே இல்லை. என்ன நடக்கிறது தெரியுமா? டீ-ஷர்ட்டை ஹூப்பில் வைத்து, திருகாணியை முறுக்கி, நாலு பக்கமும் பிடித்து முரசு மாதிரி இழுத்து இறுக்குவோம். துணி அப்போது நீண்ட நிலையில் இருக்கிறது. அந்த நிலையிலேயே பத்தாயிரம் தையல் விழுந்து அதைப் பூட்டிவிடுகிறது. ஹூப்பைக் கழற்றியதும் சுற்றியுள்ள துணி பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். தைத்த இடம் திரும்பாது. சுற்றிலும் சுருக்கம். அதற்கு ஸ்டெபிலைசரை மட்டும் ஹூப்பில் இறுக்கிப் போடுங்கள். விரலால் சுண்டினால் டப் என்று சத்தம் வர வேண்டும். அதன் மேல் தற்காலிகப் பசையைத் தெளித்து, டீ-ஷர்ட்டை இழுக்காமல், உள்ளங்கையால் தடவிப் படியவையுங்கள். ஓரத்தைச் சுற்றிப் பெரிய பெரிய தையலாக ஒரு சட்டம் ஓட்டி நிறுத்தும் வசதி உங்கள் மெஷினில் இருந்தால் அதை முதலில் ஓட்டுங்கள். டிசைன் அதற்கு அப்புறம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரித்தாலும் பரவாயில்லை. சட்டையின் முன்பக்கத்தில் பூ போட்டு முடித்துத் தூக்கினால் பின்பக்கமும் சேர்ந்து வரும். இரண்டையும் ஒன்றாக வைத்துத் தைத்துவிட்டிருப்போம். எனக்கு இது இரண்டு தடவை நடந்திருக்கிறது, இரண்டாவது தடவை நாற்பது நிமிட டிசைன். தட்டையான படுகை உள்ள வீட்டு மெஷினில் துணி முழுவதும் ஹூப்பைச் சுற்றித்தான் கிடக்கும். துணிக் கிளிப் வைத்து மடித்து ஒதுக்கிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்துங்கள். தைத்து முடிந்த சட்டைக் கை, தொப்பி, சின்னப் பைகளின் உட்புறம் இவற்றுக்கு இந்த வகை மெஷின் சிரமம்தான். பக்கத் தையலைப் பிரித்துத் தட்டையாக்கினால் வரும்.

பழைய மெஷின் வாங்கலாமா என்றால், வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. வீட்டுக்கான கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் 1990இல் ஜனோமின் மெமரி கிராஃப்ட் 8000 மூலம் வந்தது. அந்தக் காலத்து மெஷின்களுக்கு டிசைன் அட்டையில் வரும். அட்டையில் எழுத ஒரு தனிப்பெட்டி வேண்டும். மெஷின் இன்னமும் பாட்டி மாதிரி திடமாக இருக்கும், ஆனால் அந்த அட்டைக்கும் பெட்டிக்கும் அலைய வேண்டியிருக்கும். ஆகவே யூஎஸ்பி செருகும் இடம் இல்லாத மெஷின் எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் கும்பிடு போட்டுவிடுங்கள். வேறு நாட்டில் இருந்து வந்த மெஷின் என்றால் பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று பார்க்காமல் மின்சாரத்தில் செருகாதீர்கள்.

பார்க்கப் போகும்போது உங்கள் நூல், உங்கள் புது ஊசி, உங்கள் யூஎஸ்பி மூன்றையும் கொண்டுபோங்கள். அதோடு கனமான நெய்த பருத்தித் துணியும் இரண்டு அடுக்கு ஸ்டெபிலைசரும். பின்னால் தவறு தெரிந்தால் துணியால்தான் என்று சொல்ல இடம் இருக்கக் கூடாது. மெஷினைப் போட்டதும் கை ஒருமுறை நகர்ந்து தன் இடத்தைப் பார்த்துக்கொள்ளும். அப்போது கரகரவென்று பல் அரைக்கும் சத்தம் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். யூஎஸ்பியில் நீங்கள் வைத்திருக்க வேண்டியது அழகான டிசைன் வேண்டியதில்லை. தைக்கும் இடத்தின் நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து வட்டம். ஒவ்வொன்றும் உள்ளே நிரப்பு, அப்புறம் சுற்றிலும் வேறு நிறத்தில் கோடு. கோடு நிரப்பின் விளிம்பில் சரியாக உட்கார்ந்தால் கை ஒழுங்காக நகர்கிறது. நடுவில் சரியாக இருந்து ஒரு மூலையில் மட்டும் விலகினால் அந்தப் பக்கம் தேய்மானம் அல்லது ஹூப் கொக்கி தளர்ச்சி. கொக்கியைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

பிறகு துணியைத் திருப்புங்கள். மெஷின் எப்படி என்பதைப் பின்பக்கம்தான் சொல்லும். அகலமான பட்டைத் தையலின் அடியில், நடுவே மூன்றில் ஒரு பங்கு வெள்ளைப் பாபின் நூலும் இரண்டு ஓரத்திலும் நிற நூலும் தெரிந்தால் இழுவை கச்சிதம். வெள்ளையே தெரியாவிட்டால் மேல்நூல் தளர்வு. முழுக்க வெள்ளையாக இருந்தால் மேல்நூல் இறுக்கம், அல்லது யாரோ பாபின் கேஸ் திருகாணியோடு விளையாடியிருக்கிறார்கள். இழுவை கெட்டிருப்பது பெரிய குறை இல்லை, திருத்தலாம், விலை பேச உதவும். ஹூப் காணவில்லை, தனியாகக் கழற்றும் எம்பிராய்டரிக் கை காணவில்லை, இதெல்லாம் வேறு கதை. தனியாக வாங்கினால் அவை கையைக் கடிக்கும்.

சம்பாதிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பெயர் போட்ட துண்டு, குழந்தைப் போர்வை, பை, பேட்ச் என்று ஒன்றிரண்டாக வரும் வேலைக்கு 5×7 ஒற்றை ஊசி போதும், நன்றாகவே ஓடும். ஐம்பது தொப்பி, நூறு பனியன் என்று ஒரே சின்னத்தை அடுக்கித் தரச் சொன்னால் இந்த மெஷினை நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள். நூறு பனியன், நாலு நிறம் என்றால் நானூறு தடவை நூல் கோக்க வேண்டும். அதற்கு ஆறு ஊசி, பத்து ஊசி மெஷின் என்று வேறு உலகம் இருக்கிறது, விலையும் கனமும் வேறு. அதைப் பழசாகப் பிடிக்கலாம் என்ற உங்கள் மூன்றாவது யோசனையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள் என்று சொல்வது இதனால்தான். ஊசிக்கு ஒரு இழுவை, ஊசிக்கு ஒரு நூல் பாதை. ஒற்றை ஊசியில் இழுவையைப் பழகாதவருக்கு ஆறு ஊசி ஒன்றாக மக்கர் செய்தால் தலை சுற்றும். இன்னொன்று: விளையாட்டுக் குழுக்களின் சின்னம், கார்ட்டூன் முகம் இதையெல்லாம் தைத்து விற்பதற்கு உரிமை வேண்டும். டிசைனைக் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், தைத்து விற்கலாமா கூடாதா என்று அதன் நிபந்தனையில் போட்டிருப்பார்கள். படித்துவிட்டு விற்பனைக்கு வையுங்கள்.

மெஷின் வந்ததும் வைக்கும் மேசையைக் கையால் ஆட்டிப் பாருங்கள். மடக்கு மேசை வேண்டாம்; கை இடமும் வலமும் வீசி வீசி நகரும்போது மேசையும் சேர்ந்து ஆடினால் ஓரக்கோடு விலகும், சத்தமும் வீட்டை எழுப்பும். இடப்பக்கமும் பின்பக்கமும் ஹூப் முழுதாகப் போய்வர இடம் விடுங்கள். சுவரில் முட்டினால் டிசைன் அந்த இடத்தில் நகர்ந்துவிடும், அப்புறம் எதைச் செய்தாலும் சேராது. அதே ஐந்து வட்டத்தைப் புது மெஷினிலும் முதல் நாளே ஒருமுறை தைத்து, தேதி போட்டு, எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஏதோ சரியில்லை என்று தோன்றும்போது இன்னொன்று தைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.